பழைய காத்தாடியை இறக்கும்போது யாரிடம் கேட்கிறார்கள்?

கொடைக்கானல் மலையில் உள்ள தாண்டிக்குடியில் எங்கள் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் காப்பி, மிளகு என்று இறங்குவதற்கு முன்னால் காத்தாடி, அதாவது காற்றாலை மெக்கானிக். உடுமலை, தாராபுரம் பக்கம் வருஷக்கணக்காக டவர் ஏறியவர். போன காத்து சீசன் முடிந்த சமயம், உடுமலைப் பக்கமிருந்து அவருக்குப் பழக்கமான ஒரு விவசாயக் குடும்பம் வந்திருந்தது. நானும் அங்கே இருந்தேன்.

அவர்கள் ஊரில் 1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் மிஷின்களைக் கழற்றிவிட்டு, 2 மெகாவாட்டுக்கு மேல் உள்ளதை வைக்கப் பேச்சு நடக்கிறதாம். கிரேன் போக இவர்கள் காடு, அதாவது விவசாய நிலம் வழியாகப் பாதை கேட்கிறார்கள். கொடுக்கலாமா என்று கேட்கத்தான் மலையேறி வந்தார்கள்.

அண்ணன் பொறுமையாக விளக்கினார். நல்ல காற்று வீசும் இடங்களையெல்லாம் அந்தச் சின்ன மிஷின்கள் அப்போதே பிடித்துவிட்டன. டவர் குட்டை, மேலே வீசும் காற்று அதற்கு எட்டாது. இப்போது வருபவை 100 மீட்டருக்கு மேல் நிற்கும். ஒன்று வந்தால் பழையதில் எட்டு, பத்துக்குச் சமம். றெக்கை நீளம் என்பதால் இடைவெளியும் அதிகம் வேண்டும். ஆகவே பல முதலாளிகள் ஒன்றாக உட்கார்ந்து பேசியாக வேண்டும். 20 வருஷம் தாண்டிய காற்றாலைகளுக்காக 2024-ல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னார்: “மொதலாளிக பேசிக்குவாங்க தம்பி. எங்க காட்டுல மிஷினே இல்லீங்க. சத்தமும் நெழலும்தான் எங்க பங்கு. எங்ககிட்ட யாரு பேசுவாங்க?”

அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. நிலம் விற்றவருக்குக் காசு வந்தது, வாட்ச்மேனுக்குச் சம்பளம் வந்தது. பக்கத்துக் காட்டுக்காரருக்கு எதுவும் வரவில்லை. ஊர் ஒத்துக்கொண்டது என்று சொல்லும்போது இவர்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

அவர்கள் கம்பெனி ஆளிடம் மூன்று விஷயம் கேட்டிருக்கிறார்கள். கிரேன் போனபிறகு வரப்பையும் வாய்க்காலையும் யார் சரிசெய்வது? பூமிக்குள் இருக்கும் கான்கிரீட்டை யார் எடுப்பது? பழைய றெக்கை எங்கே போகும்? “அப்புறம் பார்க்கலாம்” என்பதுதான் பதில். டவர் இரும்பையும் செம்பையும் காயலான் கடைக்காரர் போட்டி போட்டு வாங்குவார். கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த றெக்கையை உருக்கவும் முடியாது, வாங்கவும் ஆளில்லை. அறுத்து ஓடையோரம் போட்டுவிட்டுப் போனதை அண்ணனே பார்த்திருக்கிறார்.

“அப்புறம்” என்றால் எங்கள் மலைக்காரர்களுக்குப் பயம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. இருபது வருஷம் ஆகியும் பாதரசம் கலந்த மண்ணைச் சுத்தம் செய்து முடித்திருக்கவில்லை. றெக்கை பாதரசம்போல விஷம் இல்லைதான். ஆனால் ஆலை நின்றபிறகு கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

காத்தாடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய மிஷின் வரட்டும். பாதைக்குக் கையெழுத்துப் போடும் நாளிலேயே அந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுத்தில் வர வேண்டும், கிராம சபையில் வாசிக்க வேண்டும். அண்ணனும் அதைத்தான் சொல்லி அனுப்பினார். அதன்பிறகு இதுவரை வரப்புக்கு மட்டும் எழுதித் தந்திருக்கிறார்களாம்.

ஆண்டிபட்டி, ஆரல்வாய்மொழிப் பக்கம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: உங்கள் ஊரில் பழையதை இறக்கியபோது கான்கிரீட்டை எவ்வளவு ஆழம்வரை எடுத்தார்கள்? ஒப்பந்த நகல் இருந்தால் பகிருங்கள், அந்தக் குடும்பத்துக்கு அனுப்பி வைக்கிறேன்.