கொரோனா காலத்தில் ஹோட்டல் பில்லில் ஏறிய கூடுதல் கட்டணம்: நீங்கள் கொடுத்தீர்களா, கேட்டீர்களா?

ஜீவன்பீமாநகர்வாசி (கேள்வி)

பெங்களூரில் இருக்கும் நம்மவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 2020 ஜூன் 8ஆம் தேதி முதல் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று திறந்துவிட்டார்கள் அல்லவா, அதற்குக் கொஞ்ச நாள் கழித்து இந்திராநகர் பக்கம் ஒரு உணவகத்துக்குக் குடும்பத்தோடு போனோம். பில் வந்தபோது சாப்பாட்டுக் கணக்குக்குக் கீழே சானிடைசேஷன் சார்ஜ் என்று தலைக்கு 25 ரூபாய் போட்டிருந்தார்கள். மெனு கார்டில் அது இல்லை, மேஜையில் எழுதி வைக்கவில்லை, வாசலில் காய்ச்சல் பார்த்து உள்ளே விட்ட பையனும் சொல்லவில்லை. கல்லாவில் கேட்டால் "எல்லா இடத்திலும் வாங்குகிறார்கள் சார்" என்பதுதான் பதில்.

அப்பாவுக்குக் கோபம். இனி இந்தப் படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தம்பியோ, இரண்டரை மாதம் கடையை மூடி வைத்திருந்தவர்கள், இதைப் போய்ப் பெரிதாக்குகிறீர்களே என்றான். இன்றுவரை எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் இரண்டு கட்சிதான். கொரோனா போய்விட்டது, ஆனால் பில்லின் அடியில் ஏதோ ஒரு பெயரில் ஒரு கூடுதல் கட்டணம் பல இடங்களில் அப்படியே நிற்கிறது.

25 ரூபாய்க்காகக் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு, வேண்டாம் என்று எழுந்து போக வழியில்லாத நேரத்தில் அதைக் காட்டுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உங்களுக்கு அந்த நாட்களில் என்ன தோன்றியது? கொடுத்தீர்களா, எடுக்கச் சொன்னீர்களா, அந்தக் கடையையே விட்டுவிட்டீர்களா?

விவேக்நகர் மெஸ் வீட்டுப் பெண்

கல்லாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் வீட்டிலிருந்து பேசுகிறேன். அப்பா 20 வருஷத்துக்கு மேலாக மெஸ் நடத்துகிறார், காலையில் டிபன், மதியம் சாப்பாடு, ராத்திரி சப்பாத்தி தோசை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பிஜி விடுதிகளில் (பேயிங் கெஸ்டாக) தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகள்.

2020 மார்ச் 25 அன்று எல்லாம் நின்றது. வாடகை நிற்கவில்லை. கட்டட உரிமையாளர் நல்லவர்தான், இருந்தாலும் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்றாரே தவிர வேண்டாம் என்று சொல்லவில்லை. பிஜி பிள்ளைகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கும் மதுரைக்கும் போய்விட்டார்கள். தோசை மாஸ்டர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. ஜூனில் திறந்தபோது பாதி மேஜைதான் போடலாம், அதாவது பாதிப் பந்தி, ஆனால் அடுப்பு ஒன்றுதான், கரண்ட் பில் ஒன்றுதான், ஆள் சம்பளம் முழுசு. அதற்கு மேல் முகக்கவசம், கையுறை, சானிடைசர் கேன். அப்போது சானிடைசருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. எங்களைப் போல 5 சதவீதம் வசூலித்துக் கட்டும் ஹோட்டல்களுக்கு வாங்கும் பொருளில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழி கிடையாது, 2017 நவம்பரிலிருந்து அப்படித்தான். அந்த 18 சதவீதம் நேராக எங்கள் கையிலிருந்து போனது. அடுத்த வருஷம் இன்னும் மோசம். ஏப்ரல் கடைசியில் மறுபடி பார்சல் மட்டும், ஜூன் 21க்குப் பிறகு சாயங்காலம் 5 மணி வரைக்கும் பாதி மேஜை, சூரியகாந்தி எண்ணெய் டின் விலை கண் முன்னால் ஏறிக்கொண்டே போனது. 2021 நவம்பரில் 19 கிலோ சிலிண்டர் 2000 ரூபாயைத் தாண்டியது.

ஆக, காசு தேவைப்பட்டது உண்மை. அதை யாரும் பொய் என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து.

ஆனால் அதை எப்படிக் கேட்பது என்பதில் எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு உணவகம் தலைக்கு இவ்வளவு என்று பில்லில் போட ஆரம்பித்தது, அண்ணன் நாமும் போடலாம் என்றான். காரணம் வேறொன்றும் இல்லை, பயம். சாப்பாடு 80 என்று இருந்ததை 95 என்று எழுதினால் வாசலிலேயே பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள் என்ற பயம். சாப்பாடு டெலிவரி ஆப்பில் விலையை ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் நம்மை விட்டு அடுத்த கடையைத் தொடுவார்கள் என்ற பயம். விலை அதே 80ஆகத் தெரிய வேண்டும், மிச்சம் கடைசியில் வர வேண்டும். கட்டணம் போட்ட நிறைய பேர் இப்படித்தான் யோசித்தார்கள், கெட்ட எண்ணம் என்று நான் சொல்லமாட்டேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. விலை தெரிந்தால் வராமல் போகக்கூடிய ஆளை, தெரியாமல் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டுக் காசு வாங்கக் கூடாது என்றார். வாசல் பலகையில் பழைய விலை, புது விலை, ஏன் ஏறியது என்று நாலு வரி, தமிழிலும் கன்னடத்திலும் எழுதி வைத்தோம். சிலர் படித்துவிட்டுப் போனார்கள், மறுக்கவில்லை. நிறைய பேர் படித்துவிட்டு உள்ளே வந்தார்கள். அந்தப் பலகையைப் பார்த்து ஒருவர்கூடக் கல்லாவில் சண்டை போட்டதில்லை. பக்கத்துத் தெருவில் தினமும் சண்டை, அதுவும் முதலாளியோடு இல்லை, பில் கொண்டு வந்த சப்ளையர் பையனோடு.

உங்கள் அப்பா கோபப்பட்டதும் சரி, தம்பி சொன்னதும் சரி. கொடுக்க வேண்டியிருந்தது, மறைத்து வாங்கியிருக்கக் கூடாது.

கோரமங்களா 6வது பிளாக்

எனக்கு அந்த அளவு இரக்கம் இல்லை, மன்னிக்கவும். 2020இல் என் சம்பளத்தை வெட்டினார்கள். என் வீட்டு வாடகையையும் யாரும் குறைக்கவில்லை. நானும் சானிடைசர் வாங்கினேன், முகக்கவசம் வாங்கினேன், அந்தச் செலவை யார் பில்லில் சேர்ப்பது? சுத்தமாக வைத்திருப்பது ஹோட்டல் நடத்துகிறவரின் கடமை. பாத்திரம் தேய்த்ததற்குத் தனிக் காசு கேட்போமா? நான் எங்கே அந்தக் கட்டணத்தைப் பார்த்தாலும் எடுக்கச் சொல்வேன். பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள், அதிலும் மேனேஜர் வந்து "பரவாயில்லை சார்" என்று சிரித்துக்கொண்டே எடுப்பார். அப்படிக் கேட்டவுடன் எடுக்க முடிகிற காசு என்றால், கேட்கத் தெரியாதவர்களிடமும் கூச்சப்படுகிறவர்களிடமும் மட்டும்தான் அது வசூலாகிறது என்று அர்த்தம். எனக்கு எரிச்சல் அங்கேதான்.

மல்லேஸ்வரம் கணக்கர்

வரிக் கணக்கு பார்ப்பது என் தொழில், சில விஷயங்களைத் தெளிவாக்கிவிடுகிறேன்.

கொரோனா கட்டணமோ, சர்வீஸ் சார்ஜோ, பேக்கிங்கோ, எந்தப் பெயரில் போட்டாலும் அது சாப்பாட்டின் விலையோடு சேர்ந்துவிடும், அதன் மேலும் 5 சதவீத ஜிஎஸ்டி வரும். 1000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் வரியோடு 1050. அதில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்தால் 1100க்கு வரி, மொத்தம் 1155. நிறைய பேர் அந்த சர்வீஸ் சார்ஜும் அரசாங்கத்துக்குப் போகிறது என்று நினைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஜிஎஸ்டி மட்டும்தான் அரசாங்கத்துக்கு, மற்றது கடைக்கு. இன்னொன்று, காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் திட்டம்) இருக்கும் சின்ன ஹோட்டல்கள் உங்களிடம் ஜிஎஸ்டியே வசூலிக்கக் கூடாது, அவர்கள் பில்லில் அதை எழுதியிருக்க வேண்டும். பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் சார்ஜ் பற்றி: 2017 ஏப்ரலிலேயே மத்திய நுகர்வோர் துறை அது வாடிக்கையாளரின் விருப்பம் என்று சொல்லிவிட்டது, யாரும் மதிக்கவில்லை. 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்தது. ஹோட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் அதே மாதம் தடை வாங்கின. 2025 மார்ச் 28 அன்று நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து வழிகாட்டுதல் செல்லும் என்றது, சங்கங்களுக்குத் தலா ஒரு லட்சம் அபராதத் தொகையும் போட்டது. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நீங்கள் எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை என்றால் பில்லைப் படம் எடுத்துக்கொண்டு 1915க்குக் கூப்பிடுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

ஆனால் மெஸ் வீட்டுப் பெண் சொன்னதைக் கவனியுங்கள். மெனுவில் விலையை ஏற்றுவதை எந்த ஆணையமும் தடுக்கவில்லை. இட்லி 30 என்றாலும் 300 என்றாலும் எழுதி வைத்துவிட்டு விற்கலாம். அந்த வழி திறந்தே இருந்தது.

முன்னாள் கேப்டன், ஊர் கிருஷ்ணகிரி

இதில் ஒருவர் பக்கத்தை யாருமே சொல்லவில்லை. நான் அப்போது ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பெரிய ரெஸ்டாரண்டில் கேப்டனாக, அதாவது சப்ளையர்களைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளராக இருந்தேன். இப்போது வேறு வேலை. பில்லில் 5 சதவீதம் சேஃப்டி கட்டணம் என்று போட்டார்கள். வாடிக்கையாளர்கள் அது எங்களுக்கு வருகிறது என்றே நினைத்தார்கள். டிப்ஸ் அப்படியே நின்றுவிட்டது. "அதான் பில்லிலேயே எடுத்துக்கொண்டீர்களே" என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். எங்களுக்கு அதில் ஒரு ரூபாய் வரவில்லை. சம்பளமே பாதிதான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அந்த நேரத்தில் டிப்ஸை நம்பித்தான் ஊருக்குப் பணம் அனுப்பினோம். திட்டு வாங்கியது நாங்கள், டிப்ஸ் இழந்ததும் நாங்கள். முதலாளி அந்த நேரத்தில் கடையிலேயே இருக்கமாட்டார்.

அதே சமயம் கையைப் பிடித்து 200 ரூபாயைத் திணித்துவிட்டு, வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர்களை மறக்கவில்லை. கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள். ஆனால் மேனேஜரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், பில் கொண்டு வந்த பையனிடம் கத்தாதீர்கள். அவனுக்கு அந்தக் கட்டணத்தை எடுக்கும் அதிகாரம் கம்ப்யூட்டரிலேயே கிடையாது.

பசவனகுடி

பழைய பெங்களூர்க்காரர்கள் எம்டிஆர் ஹோட்டல் பற்றி ஒன்று சொல்வார்கள். இந்திரா காந்தி காலத்து எமர்ஜென்சி நேரத்தில் ஹோட்டல் சாப்பாட்டை மிகக் குறைந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. அவர்கள் தரத்தைக் குறைக்காமல் அந்த விலைக்கே விற்று, அன்றன்றைய நஷ்டம் எவ்வளவு என்று வாசலில் எழுதி வைத்தார்களாம். அப்புறம்தான் பொடி, மிக்ஸ் வியாபாரத்தில் முழுமூச்சாக இறங்கினார்கள். நஷ்டத்தை வாசலில் எழுதுகிற ஊர் இது. விவேக்நகர் பலகையைப் பற்றிப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள் அம்மா.

நியூயார்க்கிலிருந்து திரும்பியவன்

அங்கே நடந்ததையும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டணம் இங்கே வருவதற்கு முன்பே அமெரிக்காவில் வந்துவிட்டது, பில்லைப் படம் எடுத்து இணையத்தில் போட்டு ஜனங்கள் கடைக்காரர்களைத் திட்டித் தீர்த்தார்கள். நியூயார்க் நகரத்தில் அதற்கு முன் உணவகங்கள் அப்படித் தனிக் கட்டணம் சேர்க்க அனுமதி கிடையாது. 2020 அக்டோபரில் நகராட்சி சட்டம் போட்டு, கொரோனா மீட்புக் கட்டணம் என்று 10 சதவீதம் வரை வாங்கலாம், ஆனால் மெனுவிலும் பில்லிலும் தெளிவாகத் தெரிய வேண்டும், அது டிப்ஸ் இல்லை என்றும் சொல்ல வேண்டும், உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவது முழுசாகத் திரும்பிய கொஞ்ச காலத்தில் நிறுத்திவிட வேண்டும் என்று வைத்தார்கள். எனக்கு அந்தக் கடைசிப் பகுதி பிடித்தது. முடியும் நாளைச் சொல்லிவிட்டு வாங்கினால் மனசு வந்து கொடுக்கலாம். நம் ஊரில் முடியும் நாள் யாரும் சொல்லவில்லை.

ஜீவன்பீமாநகர்வாசி

எல்லாருக்கும் நன்றி. கேப்டன் அண்ணா சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அடுத்த தடவை மேனேஜரைத்தான் கூப்பிடுவோம்.

இன்னும் ஒன்று கேட்கிறேன், விவேக்நகர் அக்காவிடம். டெலிவரி ஆப்பில் ஒவ்வொரு ஆர்டருக்கும் அந்தக் கம்பெனி வாங்கும், 2023இல் 2 ரூபாயில் ஆரம்பித்த பிளாட்ஃபார்ம் கட்டணம் இன்று எங்கேயோ போய்விட்டது, அதை விடுங்கள், அது உங்கள் கையில் இல்லை. கடைக்கே நேரில் வந்து வாங்கினாலும் பார்சலுக்கு 10, 15 என்று தனியாகக் கேட்கிறார்களே, அது நியாயமா?

விவேக்நகர் மெஸ் வீட்டுப் பெண்

டப்பாவுக்கு உண்மையில் காசு ஆகிறது. சாம்பார், ரசம், கூட்டு, மோர் என்று தனித்தனியாகக் கட்டினால் ஒரு சாப்பாட்டுக்கு நாலைந்து டப்பா போகும். உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் விலையில் அதைச் சேர்த்தால் அவருக்கு அநியாயம், அதனால் பார்சலுக்குத் தனியாக வாங்குவதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும், டப்பா என்ன விலையோ அதைத்தான் வாங்க வேண்டும். இரண்டு இட்லியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு 15 ரூபாய் வாங்கினால் அது வேறு கணக்கு, கேளுங்கள். எங்களிடம் சாப்பாட்டுப் பார்சலுக்கு 12, டிபனுக்கு 5. வீட்டிலிருந்து தூக்குச்சட்டியோ கேரியரோ கொண்டு வந்தால் அந்தக் காசு கிடையாது, சாம்பாரும் கொஞ்சம் கூடவே விழும்.

கோரமங்களா 6வது பிளாக்

கேரியர் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ராத்திரி எத்தனை மணி வரை இருக்கும்?

விவேக்நகர் மெஸ் வீட்டுப் பெண்

பத்து வரைக்கும். ஞாயிறு மதியம் மட்டும்தான் சாப்பாடு, ராத்திரி டிபன்.