விளம்பரத்துக்குப் பதில் பார்வையாளரின் கம்ப்யூட்டர் சக்தி: சின்ன சைட்டுக்கு ஒத்து வருமா?

வியாசை_பந்து:
வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் நடக்கும் கால்பந்து மேட்ச் முடிவுகளுக்கு ஒரு சைட் நடத்துகிறேன். சர்வர் வாடகை விளம்பரத்தில்தான் கட்டுகிறேன், ஆனால் வருவதெல்லாம் லோன் ஆப் விளம்பரம், பதினைந்து வயசுப் பசங்க ஸ்கோர் பார்க்க வரும் இடத்தில் அதைப் போட மனசு வரவில்லை. வருபவர்களின் போனில், கம்ப்யூட்டரில் சும்மா கிடக்கும் சக்தியை வைத்து காயின் மைனிங், அதாவது கம்ப்யூட்டரைக் கணக்குப் போட வைத்து டிஜிட்டல் காசு சம்பாதிப்பது, செய்யலாம் என்கிறார்கள். யாராவது செய்திருக்கிறீர்களா?

ராயபுரம்13:
தம்பி, இது 2017லேயே வந்தது. காயின்ஹைவ் என்று ஒரு சேவை, ஒரு ஸ்கிரிப்டை ஒட்டினால் வருபவரின் பிரவுசர் மொனேரோ என்ற டிஜிட்டல் காசைத் தோண்டும், 70 சதவீதம் சைட்காரருக்கு, 30 அவர்களுக்கு. மொனேரோவைச் சாதாரண பிராசஸரிலும் தோண்டலாம், பிட்காயினில் அது கட்டுப்படியாகாது. பைரேட் பே என்ற திருட்டு டவுன்லோட் சைட் சொல்லாமலே ஓட்டிப் பார்த்தது, பிராசஸர் வேலை எகிறியதை வைத்துத்தான் ஆட்கள் பிடித்தார்கள். அப்புறம் ஹேக்கர்கள் அடுத்தவர் சைட்டில் புகுந்து அதையே ஒட்ட, 2018 பிப்ரவரியில் பிரிட்டன் அரசுத் தளங்களிலும் ஓடியது. 2019 மார்ச்சில் காயின்ஹைவையே மூடிவிட்டார்கள்.

வியாசை_பந்து:
சரி அண்ணா, கேட்டு, சம்மதித்தவர்களிடம் மட்டும் ஓட்டினால்?

ராயபுரம்13:
சலோன் என்ற அமெரிக்க இணையப் பத்திரிகை 2018ல் அப்படித்தான் செய்தது, விளம்பரத்தைத் தடுக்கும் ஆட் பிளாக்கர் வைத்தவர்களிடம் கேட்டு. நேர்மையான வழிதான். ஆனால் உன் சைட்டில் ஆள் ரெண்டு நிமிஷம்கூட நிற்கமாட்டான், ஸ்கோர் பார்த்துவிட்டுப் போய்விடுவான். அதில் என்ன தேறும்?

தண்டையார்பேட்டை_வயர்மேன்:
சும்மா கிடக்கும் சக்தி என்று ஒன்று கிடையாது தம்பி. பிராசஸர் வேலை செய்யாதபோது கரண்டும் கம்மியாகத்தான் இழுக்கும், வேலை கொடுத்தால்தான் ஏறும். லேப்டாப் கூடுதலாக 20 வாட் இழுத்தால் 50 மணி நேரத்தில் ஒரு யூனிட், அந்தக் காசு பார்க்கிறவன் வீட்டு மீட்டரில் ஏறுகிறது. போன் இன்னும் மோசம். என் பையன் பழைய போனில் கேம் ஆடினாலே, மே மாசம் ஷீட் போட்ட வீட்டில், பின்பக்கம் தோசைக்கல் மாதிரி சுடும், பேட்டரி உப்பி பின்மூடியே தூக்கிக்கொண்டது. உன் பசங்க கையில் இருப்பதும் அதே மாதிரி போன்தான். விளம்பரக் கணக்கில் வகைவாரியாகத் தடுக்கும் செட்டிங் இருக்கும், முதலில் லோனைத் தடு. அப்புறம் கிரவுண்டு பக்கத்து ஜெர்சி கடை, டீக்கடையில் நேரே போய்க் கேள், மாசம் ஒரு பேனர்.

வியாசை_பந்து:
பேட்டரி விஷயம் எனக்குத் தோணவே இல்லை அண்ணா. செட்டிங் இருந்தது, லோனை இப்போதே தடுத்துவிட்டேன். ஞாயிறு மேட்ச் முடிந்ததும் ஜெர்சி கடை அண்ணனைப் பார்க்கிறேன்.