புதுப்பிப்பு: புகைச் சோதனையில் தோற்ற கார்புரேட்டர் கார் பாஸாகிவிட்டது

ஐடிலில் (கார் நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும்போது) புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம் என்று, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள என் பழைய காரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஏர் ஃபில்டர் மாற்றியும் இறங்கவில்லை என்று புலம்பியிருந்தேன் அல்லவா? ஐடிலில் போகும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகியும் இன்ஜின் அணையவே இல்லை; அப்படியென்றால் பெட்ரோல் வேறு வழியாக வருகிறது என்று அர்த்தம், அது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஏர் கிளீனரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஐடிலில் காய்ந்து கிடக்க வேண்டிய மெயின் நாசிலிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல்! கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையைத் திறந்தால், மட்டம் ஏறியதும் பெட்ரோல் வரத்தை அடைக்க வேண்டிய நீடில் வால்வின் கூம்பு முனையில் வளையமாகத் தேய்மானம், நகத்தால் தடவினாலே தட்டுப்பட்டது; அது சரியாக அடைக்காததால்தான் பெட்ரோல் மட்டம் ஏறி நாசில் வழியாக வழிந்திருக்கிறது. புது வால்வு போட்டு மிதவை உயரத்தைச் சரிசெய்து, அப்புறம் இன்ஜினை நன்றாகச் சூடாக்கி மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திரும்பச் சரியாக வைத்துச் சோதனைக்குக் கொண்டுபோனேன், பாஸ். பாவம், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் சோக் மீதுதான் வீண்பழி போட்டிருந்தேன். கரி படிந்த ஸ்பார்க் பிளக்குகளைக் கவனிப்பது மட்டும் இன்னும் பாக்கி.