க்ளீனிங் பண்ணா பல்லு ஆடிருமா? ஆத்தா வரவே மாட்டேங்கிறாக

பள்ளத்தூர்_மக:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஆத்தாவுக்கு 63 வயசு, பத்து வருஷமா சுகர். இதுவரைக்கும் பல்லு டாக்டர்ட்ட போனதே இல்ல, வலிச்சா கிராம்புத் தைலம் வச்சுக்குவாக, அதோட சரி. இப்ப ஒரு மாசமா பல்லு வெளக்கிட்டு துப்புனா ரத்தமா வருது, அன்னைக்கு தலகாணி உறையில ஒரு கறை பாத்தேன், அதப் பாத்ததுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. காரைக்குடில ஒரு டாக்டர்ட்ட காமிச்சோம், எகிறு வீங்கிருக்கு, பல்லுல கெட்டியா காரை நெறைய படிஞ்சிருக்கு, மொதல்ல க்ளீன் பண்ணிருவோம்னாரு. ஆனா பக்கத்து வீட்டு ஆச்சி, "மிஷின வச்சு சொரண்டுனா பல்லு தேஞ்சுரும், எனக்கு பண்ணதுக்கப்புறம்தான் முன்பல்லு ஆட ஆரம்பிச்சுச்சு"ன்னு சொல்லிட்டாக. ஆத்தா ஒரே புடியா வரமாட்டேன்னு நிக்கிறாக. நெசமாவே ஆடுமா? சுகர் உள்ளவுக எத்தன மாசத்துக்கு ஒருக்கா போகணும்? யாராச்சும் பண்ணிக்கிட்டவுக சொல்லுங்க.

தேவகோட்டையான்:
நான் போன வருஷம் பண்ணேங்க, 41 வயசுல மொத தடவ. கீழ் முன்பல்லுக்கு பின்னாடி நாக்க வச்சு தடவுனா ஒரு திண்டு மாதிரி இருக்கும், நான் அது பல்லுதான்னு நெனச்சுக்கிட்டே இருந்திருக்கேன். டாக்டர் தண்ணி பீச்சிக்கிட்டே அந்த மிஷின வச்சாரு, கிர்ர்ருனு ஒரு சத்தம், மஞ்சளா ஒரு துண்டு பேந்து வந்துச்சு, அரை அரிசி அளவு இருக்கும். வலின்னு சொல்ல முடியாது, கூச்சம்தான். முடிஞ்சு வீட்டுக்கு வந்தா பல்லுக்கு நடுவுல சந்து சந்தா இருக்கு, பச்சத்தண்ணி பட்டா சுருக்குங்குது, ஐயோ பல்ல கெடுத்துப்புட்டானேன்னு அன்னைக்கு ராத்திரி தூங்கல. நாலஞ்சு நாள்ல கூச்சம் போயிருச்சு, ரத்தம் வர்றது சுத்தமா நின்னுருச்சு. 800 ரூவா ஆச்சு.

காரைக்குடி_பல்மருத்துவர்:
ஆச்சி பொய் சொல்லலங்க, அவுக கண்டதச் சொல்றாக, காரணம்தான் வேற. பல்லு மேல தினமும் மெல்லிசா ஒரு பிசுபிசுப்பு படியும், அத பிரஷ் எடுத்துரும். எடுக்காம விட்டா எச்சில்ல இருக்குற கால்சியம் ஏறி சில நாள்லயே கெட்டியாகிரும், அதான் காரை, அதுக்கப்புறம் எந்த பேஸ்ட் போட்டு தேச்சாலும் போகாது. நாக்குக்கு அடியில எச்சில் சுரந்து வர்ற எடம் கீழ் முன்பல்லுக்கு நேரா இருக்கு, அதான் தேவகோட்டையாருக்கு அங்க திண்டு. இந்தக் காரை எகிறுக்கு உள்ளயும் எறங்கும், எகிறு வீங்கும், நாளாக நாளாக பல்ல புடிச்சிருக்குற எலும்பு கரைஞ்சிரும். வலியே இருக்காது, அதுதான் மோசம். நம்ம பக்கம் பழைய வீட்டுல செவுத்துக் காரை பேந்து விழுந்தப்புறம்தான் உள்ள செங்கல் அரிச்சது தெரியுது, அதுக்காக காரை விழுந்ததால செங்கல் அரிச்சுச்சுன்னு சொல்லுவோமா? ஆச்சிக்கு எலும்பு முன்னாடியே போயிருக்கும், காரை பல்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிறுத்தியிருக்கும், எடுத்ததும் ஆட்டம் தெரிஞ்சிருக்கு. மிஷின் பல்ல சொரண்டுறதில்ல, முனை வேகமா அதிர்ந்து காரைய ஒடைக்குது. பல்ல நெசமா தேய்க்கிறது செங்கப்பொடியும் உமிக்கரியும்தான்.

சுகரும் எகிறும் ரெண்டு பக்கமும் இழுக்கும். சுகர் ஏறுனா எகிறு கெடும், எகிறு கெட்டா சுகர் எறங்க மாட்டேங்கும். அம்மாவுக்கு மொதல்ல 3, 4 மாசத்துக்கு ஒருக்கா பாக்கணும், நல்லா ஆனப்புறம் தள்ளிக்கலாம். எல்லாருக்கும் 6 மாசம்னு கட்டாயம் கெடையாது, இங்கிலாந்துல பெரியவங்களுக்கு 3 மாசத்துல இருந்து 24 மாசம் வரைக்கும் ஆளுக்குத் தகுந்த மாதிரி வச்சிருக்காங்க. போறப்ப சாப்பாடு, சுகர் மாத்திரை ரெண்டையும் விட வேணாம், மூணு மாச சராசரி சுகர் (HbA1c) ரிப்போர்ட்ட எடுத்துட்டுப் போங்க. ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்புட்டா சொல்லிருங்க, நீங்களா நிறுத்திராதீக.

கோட்டையூர்_பேத்தி:
டாக்டர் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிறேன். ஆத்தா வெத்தல பாக்கு போடுவாகளா? எங்க அப்பத்தா வெத்தலப்பெட்டி இல்லாம எந்திரிக்கவே மாட்டாக, பொகையில வேற. க்ளீனிங்னு கூட்டிட்டுப் போனோம், டாக்டர் கன்னத்த வெலக்கி உள்ள பாத்தாரு, ஒரு வெள்ளத் திட்டு, தொடச்சா போகல. சதை எடுத்து டெஸ்ட் பண்ணதுல புத்துநோயா மாறல, ஆனா மாறக்கூடியதுன்னாக. அன்னையில இருந்து பொகையில, பாக்கு ரெண்டையும் விட்டாச்சு, 3 மாசத்துக்கு ஒருக்கா காமிக்கிறோம். வலிச்சாத்தான் போவோம்னு இருந்திருந்தா நெனைக்கவே பயமா இருக்கு. பாக்கு போடுற பெரியவுக வீட்டுல இருந்தா வாய் முழுக்க பாக்கச் சொல்லிக் கேளுங்க. செலவுதான் கஷ்டம்னா புதுக்கோட்டையில 2023ல அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்திருக்கு, நம்மூருக்குக் கிட்டதான்.

பள்ளத்தூர்_மக:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. டாக்டர் எழுதுன அந்த செங்கல் கதைய ஆத்தாகிட்ட அப்படியே வாசிச்சுக் காமிச்சேன், நம்ம வளவுல விழுந்த காரைய நெனச்சாகளோ என்னமோ, கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "சரி, போவோம்"னாக. நேத்து பாதி வாய் முடிஞ்சுது, மீதி அடுத்த வாரம். வெத்தல போடுவாக, பொகையில இல்ல, கன்னத்துக்குள்ள பாத்தாக, திட்டு எதுவும் இல்ல. ரெண்டு கடவாப்பல்லு மட்டும் லேசா ஆடுது, எலும்பு கொறஞ்சிருக்குன்னு எக்ஸ்ரேவ காமிச்சாரு. இன்னைக்கு காலைல பல்லு வெளக்கிட்டு என்னைய கூப்புட்டு துப்புனதக் காமிச்சாக, அந்தப் பக்கம் கொஞ்சமா செவப்பு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஆச்சியையும் அடுத்த வாரம் கூடக் கூட்டிட்டுப் போறோம், ஆத்தாவே போய்க் கேட்டுட்டாக.