ஆர்எக்ஸ் 100: ஏர் பில்டர் ஃபோமைக் கழுவி மாட்டினதுல இருந்து வண்டி ஏற மாட்டேங்குது

தேரிமண்:

வணக்கம். சாத்தான்குளம் பக்கத்துல இருந்து எழுதுறேன். வண்டி அப்பாவோட 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. தேரிக்காட்டு ஓரமா இருக்கிற தோட்டத்துக்குத் தினமும் போய் வர்றதுக்கு அதுதான். ஆடிக் காத்துல செம்மண் எப்படிப் பறக்கும்னு எங்க பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும், பூட்டின அலமாரிக்குள்ளயும் மண்ணு இருக்கும்.

போன வாரம் சர்வீஸுக்கு விட்டேன். ஃபோமைப் பெட்ரோல்ல அலசி, டூ-டி ஆயிலை (பெட்ரோல்ல கலந்து ஊத்துறது) ஊத்தி நனைச்சு மாட்டிக் கொடுத்தாங்க. அன்னைக்கு இருந்து கால்வாசி ஆக்சிலேட்டர் வரைக்கும்தான் ஒழுங்கா ஓடுது. அதுக்கு மேல முறுக்கினா அடைச்ச மாதிரி சத்தம், வேகம் ஏறல. சைலன்சர்ல நீலப் புகை. பிளக்கைக் கழற்றினா கன்னங்கரேல்னு ஈரமா இருக்கு. துடைச்சு மாட்டினா கொஞ்ச தூரம் நல்லா போகுது, மறுபடி அதே திணறல். கார்புரேட்டர்ல யாரும் கை வைக்கல.

இது பில்டராலதானா, இல்ல கார்புரேட்டரைப் பிரிக்கணுமா? ஃபோமுக்கு ஆயில் போடணுமா, வேண்டாமா? விசாரிச்சா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

வைகைக்கரை:

ஆயிலே வேண்டாம் நண்பா. பெட்ரோல்ல கழுவி வெயில்ல காய வச்சு அப்படியே மாட்டுங்க. என் வண்டி வருஷக்கணக்கா அப்படித்தான் ஓடுது. பிக்கப்பும் நல்லா இருக்கும்.

லேத் பட்டறை:

தம்பி, தேரிக்காட்டுல ஓடுற வண்டிக்கு ஆயில் இல்லாத ஃபோமை மாட்டிடாதீங்க. காரணத்தை அப்புறம் சொல்றேன், முதல்ல இப்போ இருக்கிற கோளாறைப் பார்ப்போம்.

நீங்க சொல்ற புகை, ஈரப் பிளக், திணறல் எல்லாமே காத்து பத்தாம கலவை ரிச் ஆகிறதோட, அதாவது பெட்ரோல் பங்கு கூடுறதோட அறிகுறி. ஃபோம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு, துளை எல்லாம் ஆயிலால அடைஞ்சு கிடக்கு. கம்மியா முறுக்கும்போது வேண்டிய காத்து எப்படியோ வந்துடும். முழுசா முறுக்கும்போது வராது. அதோட அந்த ஆயிலையும் எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிக்கிட்டு இருக்கு. கார்புரேட்டரைத் தொடாதீங்க. இப்போ சின்ன மெயின் ஜெட் (கார்புரேட்டர்ல பெட்ரோலை அளந்து விடுற துளை) போட்டுட்டா, பில்டர் சரியான அன்னைக்குக் கலவை லீன் ஆகி, அதாவது பெட்ரோல் பத்தாமப் போய்ப் பிஸ்டன் ஜாம் ஆகும். நிறைய ஆர்எக்ஸ்ல அப்படித்தான் போர் (சிலிண்டரோட உள்சுவர்) போகுது.

ஃபோமை வெளிய எடுத்துப் பழைய பனியன் துணியில சுத்தி, ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு அழுத்துங்க. முறுக்கிப் பிழியக் கூடாது, ஒட்டு விட்டுப் போகும். துணியில ஆயில் ஊறுறது நிக்கிற வரைக்கும் துணியை மாத்தி மாத்தி அழுத்துங்க. ஏர் பாக்ஸ் அடியில ஆயில் தேங்கியிருக்கும், அதையும் துடைங்க. பிளக்கைச் சுத்தம் பண்ணி ஓட்டிப் பாருங்க. திணறல் குறைஞ்சா காரணம் இதுதான்.

இப்போ ஆயில் ஏன் வேணும்ங்கிறது. ஃபோமை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா துளை கண்ணுக்கே தெரியும். செம்மண் பொடி அதுல தாராளமாப் புகுந்து வெளிய வந்துடும். பொடியைப் பிடிச்சு வைக்கிறது ஃபோமோட இழைமேல பூசியிருக்கிற ஆயில்தான். காஞ்ச ஃபோம் பூச்சியையும் சருகையும் நிறுத்தும், அவ்வளவுதான். பிக்கப் நல்லா இருக்குன்னு தோணறது உண்மைதான், காத்து தடையில்லாமப் போகுது. கூடவே மண்ணும் போகுது.

ஆர்எக்ஸ் மாதிரி டூ ஸ்ட்ரோக் எஞ்சின்ல இதோட பாதிப்பு இன்னும் மோசம். கலவை நேரா சிலிண்டருக்குப் போறதில்ல. ரீட் வால்வைத் (ஒரு பக்கம் மட்டும் திறக்கிற தகடு) தாண்டி முதல்ல கிராங்க் சுத்துற கீழ்ப்பெட்டியான கிராங்க் கேஸுக்குள்ள போய், அங்கிருந்துதான் மேல ஏறுது. அதனால மண்ணு ரிங்கையும் போரையும் மட்டும் தின்னாது. கனெக்டிங் ராட் பேரிங், கிராங்க் பேரிங் எல்லாத்துலயும் உக்காரும். பிஸ்டனைக் கையில எடுத்தா கார்புரேட்டர் பக்கம் மட்டும் கடைசல் கோடு அழிஞ்சு மங்கலா சாம்பல் நிறத்துல தேய்ஞ்சிருக்கும். அதைப் பார்த்தா பில்டரைத்தான் முதல்ல கேட்பேன்.

ஒண்ணு பண்ணுங்க. பில்டர் பாக்ஸுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் குழாய்க்குள்ள (அதைத்தான் ‘பூட்’னு சொல்றது) வெள்ளைத் துணியை விரல்ல சுத்தி ஒரு தடவை தடவிப் பாருங்க. ஆயில் கறை மட்டும் வந்தா பரவாயில்ல. விரல்ல நெரடினா மண்ணு உள்ள போயிருக்கு. பார்த்துட்டுச் சொல்லுங்க.

தேரிமண்:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. துணி துணியா ஆயில் வந்துச்சு. ஏர் பாக்ஸ் அடியில ஒரு குட்டிக் குளமே இருந்துச்சு. அழுத்தி எடுத்து மாட்டின பிறகு வண்டி பழையபடி ஏறுது, புகையும் முக்கால்வாசி குறைஞ்சிடுச்சு.

ஆனா வெள்ளைத் துணியில செம்மண் வந்திருக்கு. நெரடுது. ஃபோமோட ஒட்டு ஒரு பக்கம் விரல் நுழையுற அளவுக்குப் பிரிஞ்சிருக்கு. அழுத்தும்போது ஓரத்துல துகள் துகளா உதிரவும் செய்யுது. பக்கத்துல மெத்தை தைக்கிறவர் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட அதே கனத்துல ஸ்பாஞ்ச் வாங்கி வெட்டிப் போட்டுடலாமா?

நொய்யல் கலை:

மெத்தை ஸ்பாஞ்ச் வேண்டவே வேண்டாம் தம்பி. கரூர்ல எங்க வீட்டு வண்டிக்கு அப்படிப் போட்டுப் பார்த்திருக்காங்க. பில்டர் ஃபோம்ல துளை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு திறந்திருக்கும், வாயை வச்சு ஊதினா காத்து சுலபமா அந்தப் பக்கம் போகும். மெத்தைக்கு வர்றதுல அப்படிப் போகாது. அதைவிட, கார்புரேட்டர்ல இருந்து பின்னாடி அடிக்கிற பெட்ரோல் ஆவி பட்டுப் பட்டு அது பிசுபிசுன்னு கரைஞ்சு, துண்டு துண்டா உள்ள போகும். ஜெட்ல போய் அடைச்சா தேடிக் கண்டுபிடிக்கிறதே கஷ்டம்.

உதிர ஆரம்பிச்ச ஃபோமுக்கு ஆயில் போட்டும் பிரயோஜனம் இல்ல. ஆர்எக்ஸுக்கு ஃபோம் இன்னும் ஸ்பேர்ஸ் கடைகள்ல கிடைக்குது. ரெண்டா வாங்குங்க. ஒண்ணு வண்டியில இருக்கும்போது இன்னொண்ணைக் கழுவி ஆயில் போட்டுப் பாலித்தீன் பையில கட்டி வச்சுக்கலாம். அவசரத்துல ஈரத்தோட மாட்டற வேலையே இருக்காது.

லேத் பட்டறை:

கலை சொன்னதுதான் சரி. புது ஃபோமுக்கும் ஆயில் போட்டுத்தான் மாட்டணும். கடையில இருந்து வரும்போது அது காஞ்சுதான் இருக்கும்.

கழுவுற முறை இதுதான், நிதானமாச் செய்யுங்க. பெட்ரோல் வேண்டாம். உங்க ஃபோம்ல ஒட்டு விட்டதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கும், தீப்பிடிக்கிற ஆபத்து வேற. மண்ணெண்ணெய் நல்லது. ரேஷன்ல கிடைக்கலன்னா டீசல் போதும். ஒரு சட்டியில ஊத்தி ஃபோமை முக்கி அழுத்தி அழுத்தி விடுங்க. முதல் அழுத்துலயே சட்டி செக்கச் செவேல்னு ஆயிடும். ரெண்டாவது தடவை வேற மண்ணெண்ணெய்ல. பிறகு பாத்திரம் விளக்குற சோப்புத் தண்ணியில அலசி, நல்ல தண்ணியில நுரை போற வரைக்கும் கழுவுங்க. நிழல்ல காயட்டும். கொளுத்துற வெயில்லயும் சைலன்சர் மேலயும் வைக்காதீங்க. உள்ளே ஈரம் இருந்தா அந்த இடத்துல ஆயில் பிடிக்காது, அதனால அவசரப்படாம ஒரு ராத்திரி விட்டுடுங்க.

அழுக்கு மண்ணெண்ணெயைத் தோட்டத்துல கொட்டிடாதீங்க. ஒரு பாட்டில்ல ஊத்தி அசையாம வச்சா மண்ணு அடியில படிஞ்சிடும். மேல தெளிஞ்சதை அடுத்த தடவைக்கு எடுத்துக்கலாம்.

ஆயிலைப் பொறுத்தவரை, ஃபோம் பில்டருக்குன்னே தனியா ஆயில் விக்குது. போடும்போது தண்ணியா இருந்து, அதுல இருக்கிற கரைப்பான் ஆவியானதும் பசை மாதிரி பிடிச்சிக்கும். கிடைச்சா அதுதான் முதல் தரம். இல்லன்னா 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயில் போதும். டூ-டி ஆயில் பெட்ரோல்ல சுலபமாக் கலக்கணும்னு செஞ்சது. இழையில நிக்காம வடிஞ்சு அடியில போய்ச் சேரும், மேல்பாதி காஞ்சு கீழ்பாதி அடைச்சுக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

ஃபோமைப் பாலித்தீன் பையில போட்டு, ரெண்டு மூணு ஸ்பூன் ஆயில் விட்டு, பையோட சேர்த்துப் பிசைங்க. நிறம் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வரணும். வெளுத்த திட்டு இருந்தா அங்க மட்டும் ரெண்டு சொட்டு. பிறகு துணியில சுத்தி அழுத்தி மிச்சத்தை எடுத்துடுங்க. தொட்டா விரல்ல பிசுக்கு ஒட்டணும், அழுத்தினா சொட்டக் கூடாது. அதுதான் அளவு.

மாட்டுறதுக்கு முன்னாடி ஏர் பாக்ஸ் உள்புறத்தை ஈரத்துணியால துடைங்க. துடைக்கும்போது பூட் வாயில ஒரு துணியை அடைச்சு வச்சுக்கோங்க, மறக்காம எடுத்துடணும். ஃபோம் உக்கார்ற விளிம்புல கிரீஸை மெல்லிசாத் தடவுங்க. எவ்வளவு நல்ல ஃபோமா இருந்தாலும் ஓரத்துல இடைவெளி இருந்தா மண்ணு அந்த வழியாத்தான் போகும். பூட்டுல வெடிப்பு இருக்கான்னு வளைச்சுப் பாருங்க, கிளிப்பையும் இறுக்குங்க.

வைகைக்கரை:

அண்ணே, பிஸ்டன் தேய்மானம் பத்தி நீங்க சொன்னதைப் படிச்சிட்டு நானும் வெள்ளைத் துணி விட்டுப் பார்த்தேன். கருப்பா மண்ணு வருது. இனிமே ஆயில் போட்டுத்தான் மாட்டப் போறேன். தம்பி வச்சிருக்கிற பல்சர் 150க்கும் இதே முறைதானா?

லேத் பட்டறை:

திறந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. பழைய பல்சர்ல ஃபோம் வந்துச்சு, அதுக்கு இதே முறைதான். மடிப்பு மடிப்பா பேப்பரா இருந்தா தண்ணியோ மண்ணெண்ணெயோ படக் கூடாது, நம்ம கையால ஆயிலும் போடக் கூடாது. சில வண்டிகள்ல பேப்பர் மேலயே எண்ணெய்ப் பசை இருக்கும், கம்பெனியே பூசி அனுப்புறது. அழுக்குன்னு நினைச்சு ஏர் அடிச்சுடாதீங்க. அதை மாத்தத்தான் செய்யணும்.

தேரிமண்:

திருநெல்வேலி போய் ரெண்டு ஃபோமும் ஒரு புது ரப்பர் பூட்டும் வாங்கிட்டு வந்தேன். பழைய பூட்டை வளைச்சப்பதான் கிளிப் அடியில ஒரு வெடிப்பு தெரிஞ்சுது. நீங்க சொன்ன மாதிரியே ஆயில் போட்டு மாட்டியாச்சு. முழுசா முறுக்கினாலும் இழுக்குது. பிளக் இப்போ காபிப்பொடி நிறத்துல இருக்கு. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை கழுவணும்? ஏற்கனவே உள்ள போன மண்ணுக்கு எஞ்சினைப் பிரிச்சுப் பார்க்கணுமா?

லேத் பட்டறை:

பிளக் நிறம் சரியா இருக்கு, ஜெட்டைத் தொட வேண்டாம்.

உங்க ஊருக்குக் கிலோமீட்டர் கணக்கு ஒத்து வராது. கையேட்டுல போட்டிருக்கிறது சாதாரண ரோட்டுக்கு. ஆடி, ஆவணிக் காத்து அடங்குற வரைக்கும் வாரம் ஒரு தடவை சைடு கவரைத் திறந்து பாருங்க. ஃபோமோட வெளிப்பக்கம் சிவந்தா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம், உள்பக்கம் நிறம் மாற ஆரம்பிச்சா உடனே மாத்தி மாட்டுங்க. மழைக்காலத்துல அவ்வளவு அடிக்கடி தேவைப்படாது.

எஞ்சினை இப்பவே பிரிக்க வேண்டாம். கிக்கரைக் கையால மெதுவா அழுத்திப் பாருங்க, கம்ப்ரெஷன் கெட்டியா எதிர்த்து நிக்கணும். ஓடும்போது கிராங்க் பக்கம் இரைச்சலோ, முறுக்கி விடும்போது கடகடன்னு சத்தமோ கேட்டா மட்டும் ஹெட்டைத் தூக்கிப் போரைப் பார்க்கலாம். பிரிக்கிறதுன்னா கிராங்க் பேரிங்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க. ரிங்கை மட்டும் மாத்தி மூடிட்டா மறுபடியும் அதே செலவுதான் வரும்.