ஃபில்டர் மீடியாவுக்குத் தமிழில் என்ன சொல்வது? வெள்ளிக்குள் வேண்டும்

லாஸ்பேட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பிரிவுக்குத் தமிழ்வழிப் பாடக்குறிப்பு தயாராகிறது. நான்காம் அலகு திரவ வடிகட்டிகளின் வடிவமைப்பு. தண்ணீர், ஹைட்ராலிக் ஆயில், டீசல் மூன்றும் அதில் வருகின்றன. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும்.

வரைவில் ஒரு வாக்கியம்: “வடிகட்டியில் உள்ள வடிகட்டி அடைத்துக்கொண்டால் வடிகட்டியின் இரு பக்கமும் அழுத்த வேறுபாடு கூடும்.” வகுப்பில் படித்தபோது ஒரு மாணவன், “எந்த வடிகட்டி மேடம்?” என்று கேட்டான். கேட்டது நியாயம். வெளிக்கூடு ஒன்று, அதற்குள் கழற்றி மாட்டுகிற எலிமென்ட் ஒன்று, அந்த எலிமென்ட்டில் நிஜமாகவே அழுக்கைப் பிடிக்கிற தாளோ இழையோ கம்பிவலையோ இன்னொன்று. மூன்றையும் ஒரே பேரால் கூப்பிடுகிறோம். வடிவமைப்பு என்று உட்கார்ந்தால் கணக்கு முழுக்க அந்த மூன்றாவதைப் பற்றித்தான்: துளை எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), தடிமன் என்ன, பரப்பு போதுமா, எவ்வளவு கசடு தாங்கும். ஆங்கிலத்தில் மீடியா என்கிற அதற்குத்தான் தமிழில் பேர் இல்லை. “வடியூடகம்” என்று போட்டுப் பார்த்தேன். ஊடகம் என்றதும் பிள்ளைகளுக்கு டிவியும் பத்திரிகையும்தான் நினைவுக்கு வருகின்றன. நல்ல சொல் ஒன்று கொடுங்கள்.

சிதம்பரத்திலிருந்து:

அம்மா, தேட வேண்டியதே இல்லை, நன்னூலில் இருக்கிறது. மாணாக்கரைத் தலை, இடை, கடை என்று வகுக்கும் நூற்பாவை எல்லோரும் படித்திருப்போம்: “அன்னம் ஆவே மண்ணொடு கிளியே, இல்லிக்குடம் ஆடு எருமை நெய்யரி.” நெய்யரி என்பது நெய்யை வடிக்கும் பன்னாடை. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் வைத்துக்கொள்வதால் பவணந்தியார் அதைக் கடை மாணாக்கனுக்கு உவமை ஆக்கினார். எண்ணெய் வடிகட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பழஞ்சொல் எந்த மொழியில் உண்டு? “அரி” என்பதை வேராகக் கொள்ளுங்கள். அரிசியைக் கல் போக அரிக்கிறோம், பொன் கிடைக்க மணலை அரிக்கிறோம். அரிபொருள், அரிதாள், அரிபடலம் எனக் குடும்பமாகவே சொற்களைப் பெறலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து “வடிப்பான்” என்று எழுதாதீர்கள். கணினிக்காரர்கள் அதைப் பரப்பிவிட்டார்கள். தமிழ்க் காதுக்கு அது “அவன் வடிப்பான்” என்ற வினைமுற்றாகத்தான் விழும். கருவிக்கு இகர ஈறு இருக்கவே இருக்கிறது: மண்வெட்டி, துருவி, வடிகட்டி.

கடலூர் முதுநகரிலிருந்து:

ஐயா, அரி என்றால் எங்கள் பக்கம் முதலில் தோல் அரிப்பு, அப்புறம் கடல் அரிப்பு. தேவனாம்பட்டினத்துக்காரரிடம் அரிப்பு என்று சொல்லிப் பாருங்கள், கரையைத்தான் காட்டுவார்.

நான் போட் இன்ஜின் வேலை பார்க்கிறவன். அதனால் பட்டறையில் நடப்பதைச் சொல்கிறேன். டேங்கிலிருந்து வரும் டீசல் முதலில் அடியில் கண்ணாடிக் கிண்ணம் வைத்த ஃபில்டருக்குள் போகும். தண்ணீர் டீசலைவிடக் கனம், அதனால் கிண்ணத்தின் அடியில் தங்கும், நடுவில் ஒரு கோடு தெளிவாகத் தெரியும். அடியில் இருக்கும் திருகைத் திறந்து அந்தத் தண்ணீரை விட வேண்டும். விடாமல் வைத்தால் அந்தக் கோட்டில்தான் கிருமி வளர்ந்து கறுப்பாய்ச் சளி மாதிரி கட்டும். எலிமென்ட்டை வெளியே எடுத்தால் மடிப்புத் தாள் ஊதிப்போய், மடிப்பும் மடிப்பும் ஒட்டிக்கொண்டு, விரலால் பிரித்தால் கிழியும். இவ்வளவும் நடக்கிற அந்தத் தாளை நாங்கள் தாள் என்றுதான் சொல்கிறோம், மொத்தத்தையும் எலிமென்ட் என்போம். உங்கள் மாணவர்கள் நாளைக்கு இங்கேதான் வேலைக்கு வருவார்கள். இங்கே வந்து நெய்யரி கேட்டால் யார் எடுத்துக் கொடுப்பது?

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலிருந்து:

அண்ணன் சொன்ன ஊதிப்போன தாளிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வடிவமைப்பில் பேர் பிரிந்தே ஆக வேண்டும் என்பதற்கு அதுதான் காரணம். கூட்டை எஃகில் செய்கிறோமா அலுமினியத்திலா என்பது வேறு கணக்கு, தாள் செல்லுலோஸா கண்ணாடி இழையா என்பது வேறு கணக்கு. செல்லுலோஸ் தண்ணீரில் ஊதும், கண்ணாடி இழை ஊதாது.

பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி 1856-ல் மணல் வழியாகத் தண்ணீர் விட்டுக் கண்டுபிடித்த விதிதான் எங்களுக்கு இன்றும் அடிப்படை. திரவத்தின் பிசுக்கு கூடினால் அழுத்த இழப்பு கூடும், தடிமன் கூடினாலும் கூடும், பரப்பு கூடினால் குறையும். தாளை மடிப்பதே பரப்புக்காகத்தான். ஆனால் ஆசைப்பட்டு மடிப்பை நெருக்கிவிட்டால் இரண்டு மடிப்புக்கு நடுவே எண்ணெய் நுழைய இடமில்லாமல், இருக்கிற பரப்பும் வீணாகும். தாள் அடைத்துக்கொண்டு அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 1 பார் தொட்டதும், இன்ஜின் ஆயில் ஃபில்டரில் தாளைத் தவிர்த்து எண்ணெயை விடும் பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். அழுக்கு எண்ணெய் போனாலும் பரவாயில்லை, எண்ணெயே இல்லாமல் பேரிங் ஓடக் கூடாது என்பது அதன் கணக்கு.

டப்பாவில் “10 மைக்ரான்” என்று போட்டிருப்பதை மட்டும் நம்பக் கூடாது, மேடம் இதைப் பாடத்தில் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஐஎஸ்ஓ 16889 சோதனையில் உள்ளே போகும் துகளையும் வெளியே வரும் துகளையும் எண்ணி வகுத்துப் பீட்டா என்கிறார்கள். 10 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள் 20,000 உள்ளே போய் 100 வெளியே வந்தால் பீட்டா 200, அதாவது நூற்றுக்கு 99.5 பிடிபட்டது. அதே 10 மைக்ரானுக்குப் பீட்டா 2 உள்ள தாளும் கடையில் கிடைக்கும், அது பாதியை விட்டுவிடும். இந்த எண் கூட்டுக்கு உரியதல்ல, முதன்மையாக மீடியாவுக்கு உரியது. இங்கே வடிகட்டி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படிப் பாடம் நடத்துவது?

ஐயாவின் நெய்யரி எனக்குப் பிடித்திருக்கிறது. கசடைத் தன்னிடம் வைத்துக்கொள்வது மாணவனுக்குக் குறை, எங்களுக்கு அதுதான் தகுதி. எவ்வளவு கசடு தாங்கும் என்பதை வைத்துத்தான் ஃபில்டரின் ஆயுளையே கணிக்கிறோம்.

வில்லியனூரிலிருந்து:

மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவள் என்ற முறையில் ஒரு சொல்லை முன்வைக்கிறேன்: வேடு. பானையின் வாயில் துணி கட்டுவதை வேடு கட்டுதல் என்கிறோம். ஊறுகாய்ச் சாடிக்கு வேடு கட்டுவார்கள், அதன் வழியாக வடிக்கவும் செய்வார்கள். வடிகட்டி என்ற சொல்லிலேயே “கட்டு” எங்கிருந்து வந்தது? துணியைக் கட்டித்தானே வடித்தோம். கட்டின துணிக்கு உள்ள பேரை மறந்துவிட்டு, கட்டின செயலை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஃபில்டர் என்ற சொல்லின் கதையும் இதேதான். இலத்தீனில் ஃபில்ட்ரம் என்றால் கம்பளித் துணி, அதில் வடித்ததால் வந்த பேர். பிரெஞ்சில் ஃபில்த்ர் என்றாகி அங்கிருந்து பரவியது. அவர்கள் துணியின் பேரைக் கருவிக்கு வைத்தார்கள், நாம் துணியின் பேரைத் துணிக்கே வைத்துக்கொள்ளலாம். வேடு, தாள்வேடு, இழைவேடு, கம்பிவேடு. இரண்டெழுத்துச் சொல், படத்தில் அம்புக்குறி போட்டு எழுத இடம் போதும்.

சிதம்பரத்திலிருந்து:

வேடு மூடுதலுக்கு உரிய சொல் அம்மா, வடித்தல் அதற்கு இரண்டாம் பயன்தான். வேடு என்றால் வேடர் என்ற பொருளும் உண்டு. அரி, வடி இரண்டும் வினையடிகள், அவற்றிலிருந்து எத்தனை சொல்லும் கிளைக்கும். வேடு பெயராகவே நின்றுவிடும்.

வடி என்ற அடியின் ஆழத்தைப் பாருங்கள். “வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே” என்கிறது புறநானூறு. அங்கே வடித்தல் செப்பனிட்டுக் கூர்மையாக்குவது. சிலை வடிப்பதும் சோறு வடிப்பதும் வடிவமும் ஓரடியில் பிறந்தவை என்றே நான் கொள்கிறேன். வேண்டாததை நீக்கினால் எஞ்சுவது வடிவம். ஆகவே வடிகட்டி வடிவமைப்பு என்று நீங்கள் எழுதும்போது ஒரே வேரை இரண்டு முறை சொல்கிறீர்கள். கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளியவைத்ததைக் கலித்தொகை பேசுகிறது, அது தேற்றுதல். தெளிந்ததை மேலாக ஊற்றி எடுப்பது இறுத்தல். துளை வழியே விடுவது அரித்தல். முன்னோர் இவற்றைக் குழப்பவில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து:

ஐயா, சிலை வரை போய்விட்டோம். ஆனாலும் கடைசியில் பிரித்துக் காட்டிய மூன்றும் பாடத்துக்கு உதவும். தேற்றாங்கொட்டை செய்வது துகள்களை ஒன்றுசேர்த்துக் கனமாக்குவது, அதற்கு அடுத்த தொட்டியில்தான் வடிகட்டல் வரும். தண்ணீர் நிலையத்தின் வரைபடமே அந்த வரிசையில்தான் இருக்கிறது.

முத்தியால்பேட்டையிலிருந்து:

டார்சி பேச்சு வந்ததால் சொல்கிறேன், புதுச்சேரியில் உள்ள நம் ஆயி மண்டபமும் அதே மூன்றாம் நெப்போலியன் காலத்தது. முத்திரையர்பாளையத்துத் தண்ணீரை வெள்ளை நகரத்துக்குக் கொண்டுவந்ததன் நினைவாகக் கட்டியது. டார்சி பிரான்சின் திழோன் நகரத்துக் குடிநீருக்காக உழைத்தவர். மணல் மேல் அவ்வளவு ஆராய்ச்சி நடந்த காலத்தில் இங்கேயும் தண்ணீர் வந்தது. பாடக்குறிப்பில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் பிள்ளைகளுக்கு ஊர்ப்பற்றோடு விதியும் நினைவிருக்கும்.

வேடு பற்றி ஒரு சந்தேகம். மணலும் மீடியாதானே, மணலைத் துணி என்று எப்படிச் சொல்வது?

வில்லியனூரிலிருந்து:

கம்பளித் துணியின் பேரால் மணல் தொட்டியை அவர்கள் அழைக்கலாம், நாம் அழைத்தால் மட்டும் தப்பா? சொல் பழகினால் பொருள் விரியும். மணல்வேடு என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து:

சொல்லிப் பார்த்தேன் மேடம். மணல்மேடு என்று காதில் விழுகிறது. ஆனால் தாள்வேடு நன்றாக இருக்கிறது, அதை எதிர்க்க மாட்டேன்.

ஸ்ட்ரெய்னருக்கும் சேர்த்து முடிவு பண்ணிவிடுங்கள். சக்‌ஷன் பைப்பு முனையில் இருக்கும் கம்பிவலை வேறு, உள்ளே இருக்கும் தாள் வேறு. வலை கண்ணுக்குத் தெரிகிற குப்பையைப் பிடிக்கும், கழுவித் திரும்ப மாட்டலாம். தாளைக் கழுவக் கூடாது. கழுவி மாட்டி இன்ஜெக்டர் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டுக்கும் ஒரே பேர் இருப்பதால்தான் கழுவுகிறார்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து:

இது முக்கியம் அண்ணே, பாடத்தில் கட்டம் கட்டிப் போடுகிறேன். ஸ்ட்ரெய்னருக்கு “அரிவலை” சரியா? ஐயாவின் அரியும் இருக்கிறது, உங்கள் வலையும் இருக்கிறது. வினைத்தொகை, ஒற்று மிகாது. அதே விதிப்படி தாளுக்கு வடிதாள். அச்சகத்தில் ஒற்று சேர்த்து “வடித்தாள்” ஆக்கிவிடாமல் நானே பார்த்துக்கொள்கிறேன்.

சிதம்பரத்திலிருந்து:

அரிவலைக்கு மனமார்ந்த ஒப்புதல்.

கடலூர் முதுநகரிலிருந்து:

எனக்கும் சம்மதம்.

லாஸ்பேட்டையிலிருந்து:

இன்று வியாழன். கருத்துச் சொன்னவர்களில் வேடுவுக்கு இருவர், அரிபொருளுக்கு ஒருவர், மற்றவர்கள் “வடியூடகம் என்றே போட்டுவிடுங்கள், கேள்வித்தாள் எடுப்பவருக்காவது புரியும்” என்ற பக்கம். வினாத்தாள் குழுவிலும் கேட்டேன், அவர்களும் அதையே சொன்னார்கள். தேர்வில் பிள்ளை ஒரு சொல்லுக்காக மதிப்பெண் இழக்கக் கூடாது. அதனால் பொதுச்சொல் வடியூடகம், கழற்றி மாட்டுவது எலிமென்ட், வடிந்து வருவது வடிநீர், ஆனால் டீசலுக்கும் எண்ணெய்க்கும் வடிநெய்மம், தங்குவது கசடு. தாளும் இழையும் வரும் படங்களில் மட்டும் தாள்வேடு, இழைவேடு என்று எழுதுகிறேன்.

சிதம்பரத்திலிருந்து:

அச்சுக்கு அனுப்புங்கள் அம்மா, தடுக்க மாட்டேன். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ஊடகம் என்பது ஒரு பொருள் எதன் ஊடாகச் செல்கிறதோ அதைத்தான் சொல்லும், பிடித்து வைப்பதைச் சொல்லாது. ஒளி கண்ணாடியின் ஊடாகப் போகிறது, கண்ணாடி எதையும் பிடித்து வைப்பதில்லை. உங்கள் பாடத்தின் உயிரே பிடித்து வைப்பதில் இருக்கும்போது, போகவிடுவதை மட்டும் சொல்லும் பேரை வைக்கிறீர்கள். அடுத்த பதிப்பில் மறுபடி எழுதுவேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து:

ஐயா சொன்னது தொழில்நுட்பப்படியும் சரி. அடுத்த பதிப்பில் நானும் உங்கள் பக்கம்.

மேடம், ஐந்தாம் அலகில் கோயலசர் வருகிறதே. டீசலில் பொடியாய்க் கலந்த நீர்த்துளிகளை இழையில் ஒட்டவைத்து, ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிய துளியாக்கிக் கீழே விழவைப்பது. இது கசடு பிடிப்பதில்லை, திரவத்திலிருந்து திரவத்தைப் பிரிப்பது. திரட்டி என்று நினைத்தேன், இணையத்தில் அது வேறு பொருளில் பழகிவிட்டது. துளிதிரட்டி?

சிதம்பரத்திலிருந்து:

பாலையும் நீரையும் பிரிப்பதற்குப் பவணந்தியார் அதே நூற்பாவின் முதற்சொல்லாக அன்னத்தை வைத்திருக்கிறார். காலையில் விரிவாக எழுதுகிறேன்.