பெயின்ட் புரொடக்‌ஷன் ஃபிலிமுக்குத் தமிழில் என்ன பெயர்?

மடல் 1, சென்னை

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தொகுக்கும் வாகனச் சொற்பட்டியலில் பெயின்ட் புரொடக்‌ஷன் ஃபிலிம் என்ற இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. காரின் பெயின்ட் கெடாமல் இருக்க அதன் மேல் ஒட்டும் நிறமற்ற தாள் இது. கடைகளில் பி.பி.எஃப். என்கிறார்கள். புதுக் கார் எடுக்கப் போகிறவர் காதில் இந்த மூன்றெழுத்து எப்படியும் விழுந்துவிடுகிறது. முழு வண்டிக்கும் போட்டால் 1 லட்சம் ரூபாயைத் தொடும் ஒரு பொருளுக்குத் தமிழ்ப் பெயர் இல்லாமல் இருக்கக் கூடாது.

என் முன்மொழிவு: வண்ணப்பூச்சுப் பாதுகாப்புப் படலம். சுருக்கமாகப் 'பூச்சுக்காப்பு'. பொருளை நன்கு அறிந்தவர்கள் அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்றும் எழுதுங்கள். விளக்கக் குறிப்பையும் கையோடு முடித்துவிடலாம்.

மடல் 2, கோவை

> சுருக்கமாகப் 'பூச்சுக்காப்பு'

ஐயா, இது மட்டும் வேண்டாம். கார் வாங்குகிறவர் ஏமாறும் இடமே இந்தப் 'பூச்சு' என்ற சொல்தான்.

புது வண்டிக்கு மேலே போடுபவை இரண்டு வகை. ஒன்று, திரவமாகப் பூசிக் காயவிடுவது. வேக்ஸ், செராமிக் கோட்டிங், ஷோரூம் பில்லில் 'பெயின்ட் புரொடக்‌ஷன்' என்ற பெயரில் சில ஆயிரம் ரூபாய்க்கு ஏறும் பாலிஷ் எல்லாம் இதில் அடங்கும். மற்றது, சுருளிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டுவது. இரண்டுக்கும் பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், பாலிஷுக்குக் காசு கொடுத்தவர் ஃபிலிம் போட்டதாகவே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

கனத்தைப் பாருங்கள். செராமிக் காய்ந்தபின் 1 அல்லது 2 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒட்டும் ஃபிலிம் 150 முதல் 200 மைக்ரான். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், பிரைமர் எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான்தான். அதில் மேலே இருக்கும் நிறமற்ற அடுக்கான கிளியர் கோட் ஏறக்குறைய 40. முன்னால் போகும் டிப்பரிலிருந்து தெறிக்கும் ஜல்லித் துண்டு ஃபிலிமில் பட்டால், அது ரப்பர் போல அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். 2 மைக்ரான் செராமிக்கால் அந்த அடியைத் தாங்க முடியாது. பெயின்ட்டோடு சேர்ந்து பெயர்ந்துவிடும். செராமிக் போட்டால் தண்ணீர் நிற்காது, அழுக்கு எளிதில் கழுவிப்போகும், பளபளப்பு இருக்கும். அது வேறு வேலை.

ஃபிலிமிலும் தரம் பார்க்க வேண்டும். நல்லது டி.பி.யு., அதாவது சூட்டில் இளகும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். அடியில் அக்ரிலிக் பசை, நடுவில் பாலியூரித்தேன், மேலே கீறல் ஆறும் மெல்லிய அடுக்கு. கழுவும் துணியால் விழும் சிலந்திவலைக் கோடுகள் வெயிலிலோ வெந்நீரிலோ தானே மறையும். மலிவாகக் கிடைப்பது பி.வி.சி.; டி.பி.எச். என்ற பெயரிலும் வரும். ஒன்றிரண்டு வருட வெயிலில் மஞ்சளித்து, விறைத்து, ஓரம் சுருங்கும். கண்டுபிடிக்கும் வழி எளிது. வெட்டி எறியும் ஓரத் துண்டில் ஒரு விரல் அகலம் கேட்டு வாங்கி, இரு கையாலும் இழுத்து விடுங்கள். டி.பி.யு. பழைய அளவுக்குத் திரும்பும். பி.வி.சி. இழுபட்டு வெளுத்து அப்படியே நிற்கும்.

எனவே பெயரில் 'ஒட்டு' என்ற கருத்து இருக்கட்டும், 'பூச்சு' வேண்டாம்.

மடல் 3, மதுரை

கோவை நண்பர் சொன்னது சரி. என் தயக்கம் 'படலம்' பற்றியது.

நீரில் மிதக்கும் எண்ணெயும் படலம், கண்ணில் விழுவதும் படலம், காப்பியத்தின் பிரிவும் படலம். பாடநூல்களில் எந்த மெல்லிய அடுக்கையும் படலம் என்றே எழுதுகிறோம். அந்தக் கணக்கில் செராமிக் காய்ந்தபின் நிற்பதும் படலமே. ஆக, வெறும் 'படலம்' நாம் பிரிக்க நினைத்த இரண்டையும் மறுபடி ஒன்றாக்கிவிடும்.

வேறு சொற்களையும் எடைபோட்டுப் பார்க்கலாம்.

'உறை': வண்டி உறை என்றால் நிறுத்தியிருக்கும் காருக்கு மேலே போர்த்தும் துணி. கூடாது.

'சட்டை': பொருளுக்கு மிக நெருங்கி வருவது இதுதான். பாம்பு உரித்துப்போட்ட சட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒளி ஊடுருவும், உடம்பின் வளைவு அத்தனையும் அதில் பதிந்திருக்கும், ஒரே இழுப்பில் கழன்றது தெரியும். ஐந்தாறு வருடம் கழித்து ஃபிலிமை உரித்தெடுத்தால் பம்பரின் வடிவம் அப்படியே கையில் வருமே, அதேதான். ஆனாலும் 'வண்டிச் சட்டை' என்றால் மறுபடி துணி உறைதான் நினைவுக்கு வரும். மனமில்லாமல்தான் இதை விலக்குகிறேன்.

'உரி': புலியுரி என்பதில் உள்ள பழைய பெயர்ச்சொல். 'காப்புரி' என்று சேர்த்துப் பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னால் காப்புரிமையின் பாதிபோல ஒலிக்கிறது. தேடுபொறியில் நிச்சயம் குழப்பும்.

ஆகவே 'ஒட்டுப்படலம்' என்பதைப் பொதுச் சொல்லாக வைப்போம். தானே ஒட்டும் பசையுடன் சுருளாக வரும் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். நிறம் மாற்றும் வினைல் ரேப் 'வண்ண ஒட்டுப்படலம்'. சன் ஃபிலிம் 'கண்ணாடி ஒட்டுப்படலம்'. நாம் பேசுவது 'காப்பு ஒட்டுப்படலம்'. இந்தப் பிரிப்பு சட்டத்துக்கும் உதவும். கார்க் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டுவதற்கு 2012இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பெயின்ட் மேல் ஒட்டும் நிறமற்ற ஃபிலிம் அந்தத் தடையில் வராது. வண்டியின் நிறமே மாறுகிறது என்றால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். நிறமற்றதற்கு அதுவும் தேவையில்லை. ஃபிலிம் என்ற ஒரே சொல்லால் மூன்றையும் குறிப்பதால்தான் 'போலீஸ் பிடிக்குமா' என்ற பயம் வருகிறது.

மடல் 4, யாழ்ப்பாணம்

வணக்கம். இங்கே இன்சூரன்ஸுக்கு வழங்கும் சொல் காப்புறுதி. வாகனத்தோடு சேர்த்துக் 'காப்பு' என்று சொன்னவுடன் மனம் அங்கேதான் போகும். தமிழகத்திலும் காப்பீடு என்கிறீர்கள். மேலும், 'பாதுகாப்பு' என்று பொதுவாகச் சொன்னால் எல்லாவற்றிலிருந்தும் காக்கும் என்ற எண்ணம் வரும். இந்த ஃபிலிம் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று கோவை நண்பர் திட்டமாகச் சொல்ல முடியுமா? பெயர் அதிலிருந்து பிறந்தால் நல்லது.

மடல் 5, கோவை

கேள்விக்கு நன்றி. சொல்லும் இதிலிருந்தே கிடைக்கிறது என்று நம்புகிறேன்.

தடுப்பவை: சிறு கல் தெறிப்பு, மணல் உராய்வு, கழுவும்போது விழும் மெல்லிய கோடுகள், கதவுக் கைப்பிடிக் குழியில் நகம் பட்ட கீறல், சாமான் ஏற்றும்போது டிக்கி விளிம்பில் விழும் உரசல். பறவை எச்சமும் பூச்சிக் கறையும் பெயின்ட்டுக்குள் இறங்காமல் கொஞ்சம் அவகாசம் கொடுக்கும். ஆனாலும் அன்றன்றே துடைத்துவிட வேண்டும். போர்வெல் தண்ணீரின் உப்புத் திட்டு ஃபிலிம் மேலும் விழும். புதுக் காருக்குப் பூசை போட்டு பானெட்டில் வைக்கும் சந்தனமும் குங்குமமும் ஃபிலிமுக்கு ஆகாது. மஞ்சள் கறை மேல் அடுக்கில் இறங்கிவிட்டால் லேசில் போகாது. பூசை முடிந்ததும் ஈரம் காய்வதற்குள் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள்.

தடுக்காதவை: இன்னொரு வண்டி இடித்த நசுங்கல், சாவியால் அழுத்திக் கிழித்த கோடு, கேட் கம்பியில் உரசிய காயம், பெரிய கல்.

அதன் தலையாய வேலை கல்லடி தாங்குவது. 3எம் நிறுவனம் 1960களில் ஹெலிகாப்டர் இறக்கைகளைத் தூசியும் கல்லும் அரிக்காமல் இருக்கச் செய்ததிலிருந்துதான் இந்தச் சரக்கே வந்தது. நம்மிடம் 'கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது' என்ற பழமொழி வேறு இருக்கிறது. எனவே என் முன்மொழிவு கல்லடிப் படலம். ஸ்டோன் சிப் என்பதற்குக் கல்லடிப் புள்ளி. பெயரைக் கேட்டவுடனேயே வாங்குகிறவர் தன்னைக் கேட்டுக்கொள்வார்: என் வண்டி எவ்வளவு கல்லடி படும்?

புதுக் காருக்குத் தேவையா என்பதற்கு விடையும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கல்லடியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கப்படி ஏறும். 40 கி.மீ. வேகத்தில் விழும் அடியைவிட 100 கி.மீ. வேகத்தில் விழுவது ஆறு மடங்குக்கு மேல். வாரம்தோறும் நான்குவழிச் சாலையில் போகிறவருக்கு முன்பகுதி மட்டும் போட்டால் பணம் வீண் போகாது. பம்பர், பானெட், முன் ஃபெண்டர்கள், பக்கக் கண்ணாடிக் கூடுகள், ஹெட்லைட், இவற்றோடு சக்கரத்துக்குப் பின்னால் கீழ்விளிம்பு. கூரையிலும் பின்கதவிலும் கல் விழுவது அரிது. ஊருக்குள் மட்டும் ஓடும் சிறிய காருக்கு முழு வண்டி ஃபிலிம் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. வெளிப்பட்டறையில் ஒரு பேனல் பெயின்ட் அடிக்க 3,000 முதல் 6,000 ரூபாய் ஆகும். முழு வண்டி ஃபிலிமுக்கு ஆகும் பணத்தில் எத்தனை பேனல் அடிக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதே சமயம், விற்கும்போது பெயின்ட்டின் கனம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்து, மறுபெயின்ட் அடித்த பேனலுக்கு விலை குறைப்பார்கள். தொழிற்சாலைப் பெயின்ட் அப்படியே இருக்க வேண்டும் என்பவருக்கு முன்பகுதிச் செலவு நியாயமானதே.

ஒட்டும் வேலையில்தான் பாதி வெற்றி. புது வண்டி என்றாலும் கழுவி, இரும்புத்துகள் கரைப்பான் தெளித்து, கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டியால் தேய்த்து, ஆல்கஹால் கலவையால் துடைக்க வேண்டும். ஷேம்பு சில துளி கலந்த நீரைத் தெளித்தால் ஃபிலிம் வழுக்கும், நகர்த்தி உட்கார வைக்கலாம். சரியாக உட்கார்ந்த பிறகு 10 முதல் 20 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த நீரை ஃபிலிமுக்கு அடியில் தெளித்தால் பசை பிடிக்கும். பிறகு ஸ்க்வீஜி என்ற தண்ணீர் வழிக்கும் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழிக்க வேண்டும். பம்பர் வளைவில் அவசரப்பட்டு இழுத்தால் இழுவைக் கோடு விழும். அது கடைசிவரை போகாது. நீர்க் குமிழி சில வாரத்தில் வற்றிவிடும், காற்றுக் குமிழி வற்றாது. அடியில் ஒரு மணல் துகள் மாட்டினால் அம்மைக் கொப்புளம் போலத் துருத்தி நிற்கும். உரித்து மறுபடி ஒட்டுவதே வழி. வண்டியின் மேலேயே பிளேடால் வெட்டுகிறவரிடம் கொடுக்காதீர்கள். ஃபிலிம் போடாத வண்டியில் விழாத கோடு அந்த பிளேடால் விழும். பிளாட்டரில் (கணினி வடிவப்படி வெட்டும் இயந்திரத்தில்) முன்பே வெட்டிய துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு வாரம் கழுவக் கூடாது.

தொழிற்சாலைப் பெயின்ட் 140 டிகிரி அளவில் சுட்டு இறுகியது. டெலிவரி எடுத்த அன்றே ஒட்டலாம். பட்டறையில் மறுபெயின்ட் அடித்த பேனலுக்குக் குறைந்தது ஒரு மாதம் பொறுக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே அடைபட்ட ஆவி குமிழாகும், உரிக்கும்போது பெயின்ட்டும் கூடவே வரும்.

மடல் 6, மதுரை

'கல்லடிப் படலம்' வாயில் நிற்கிறது. ஒரு தடை உண்டு. ஃபிலிமைக் காருக்குள் இருக்கும் பளபளப்பான கறுப்புப் பட்டைகளிலும் ஒட்டுகிறார்கள். அங்கே கல் எங்கிருந்து வரும்? பயனை வைத்துப் பெயரிட்டால் பயன் மாறும்போது பெயர் இடிக்கும். எனவே அகராதித் தலைச்சொல்லாக 'காப்பு ஒட்டுப்படலம்' இருக்கட்டும், வழக்குச் சொல்லாகக் 'கல்லடிப் படலம்' வரட்டும். யாழ்ப்பாண நண்பரின் காப்புறுதிக் குழப்பத்துக்கு 'ஒட்டு' என்ற அடைமொழி ஓரளவு மருந்து.

அப்புறம், கோவை நண்பர் போகிற போக்கில் தந்த வினைகளை விட்டுவிடக் கூடாது. வழுக்க வைக்கும் நீர் 'வழுக்குநீர்'. பிடிக்க வைப்பது 'பிடிநீர்'. ஸ்க்வீஜிக்கு 'வழிப்பான்', மாவு வழிப்பது போன்ற செயல்தானே. இழுவைக் கோடு ஏற்கெனவே தமிழ்தான். செல்ஃப் ஹீலிங் என்பதற்குச் சிலர் 'சுயகுணமாதல்' என்று எழுதுகிறார்கள். காயம் ஆறும் என்றுதானே சொல்வோம்? 'கீறலாறும் படலம்' போதும்.

மடல் 7, சென்னை

பூச்சுக்காப்பைத் திரும்பப் பெறுகிறேன். வரைவு இதோ:

*காப்பு ஒட்டுப்படலம் (வழக்கில்: கல்லடிப் படலம்): கார்ப் பெயின்ட்டின் மேல் ஒட்டும், 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள, நிறமற்ற, உரித்தெடுக்கக்கூடிய பாலியூரித்தேன் தாள். சிறு கல் தெறிப்பையும் மேலோட்டமான கீறலையும் தாங்கும், நசுங்கலைத் தடுக்காது. திரவமாகப் பூசும் செராமிக் பூச்சு வேறு.*

இதனுடன் ஒரு வரி சேர்க்கலாமா? பில்லில் ஃபிலிமின் நிறுவனப் பெயர், கனம், சுருள் எண் மூன்றும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் வரி. சொற்பட்டியலுக்கு இது அதிகம்தான். ஆனால் பாலிஷுக்குச் சுருள் எண் இருக்காது, வாங்குகிறவருக்கு அந்த ஒன்றே போதும். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். கிளியர் கோட்டுக்கு 'தெளிபூச்சு' என்று எழுதிவைத்திருக்கிறேன், அதையும் பாருங்கள்.